வாசகர் கேள்வி: வலிப்பு மாத்திரையும் தள்ளாட்டமும்

கேள்வி: டாக்டர் அம்மா, என் மகனுக்கு 19 வயது. வலிப்புக்குப் பெரம்பனெல் மாத்திரை சாப்பிடுகிறான். வலிப்பு குறைந்துவிட்டது. ஆனால் தலை சுற்றுகிறது, நடையில் தடுமாற்றம். வலிப்பு கிளம்பும் இடத்தில் மட்டும் வேலை செய்கிற மருந்து வராதா? – ஒரு தாய், கோவில்பட்டி

பதில்: நியாயமான கேள்வி அம்மா. மூளையில் ஒரு செல் இன்னொன்றைத் தூண்ட பெரும்பாலும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைத்தான் அனுப்புகிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஆம்பா ஏற்பிகளை இந்த மாத்திரை அடக்குகிறது. வலிப்பு கிளம்பும் இடம், நடையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமூளை என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது.

வித்தியாசம் காண வழி காட்டியது ஒரு சுண்டெலி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வகத்தில் தானாக ஏற்பட்ட மரபுப் பிறழ்வால், சில சுண்டெலிகள் தள்ளாடி நடந்தன. தலையை அடிக்கடி மேலே தூக்கின. வலிப்பும் இருந்தது. வானத்து நட்சத்திரத்தைப் பார்க்கிற மாதிரி இருந்ததால் ஸ்டார்கேசர் என்று பெயர். 1998-ல் பழுதான மரபணு கிடைத்தது. செல்லுக்குள் கால்சியத்தை விடும் வாயிலின் துணைப் பகுதியைப் போல இருந்ததால் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். 2000-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ரோஜர் நிக்கோல், டேவிட் பிரெட் குழுக்கள் அந்த எலிகளின் சிறுமூளைச் செல்களில் கண்டது வேறு: ஆம்பா ஏற்பி உள்ளே உற்பத்தியாகிறது, மேற்பரப்புக்கு வந்து சேரவில்லை. அந்த மரபணு உருவாக்க வேண்டிய, ஏற்பியைக் கூட்டிவருகிற ஸ்டார்கேசின் என்ற புரதம் இல்லை.

உடலியங்கியல் வகுப்பில் அதுவரை நான் கரும்பலகையில் ஏற்பியை மட்டும் வரைந்தவள். அப்புறம்தான் அதன் பக்கத்தில் வேறு நிறச் சாக்பீஸில் துணைப் புரதத்தையும் சேர்த்து வரையத் தொடங்கினேன். பாதிப் பாடத்தையே இத்தனை ஆண்டும் நடத்தியிருக்கிறேனே என்ற வருத்தம் இன்னும் உண்டு.

ஏனென்றால் ஸ்டார்கேசினின் வேலை கூட்டிவருவதோடு முடிவதில்லை. ஏற்பியோடு ஒட்டிக்கொண்டே இருந்து, அது திறந்திருக்கும் நேரத்தை நீட்டுகிறது, குளூட்டமேட் இருக்கும்போதே ஏற்பி சோர்ந்துபோவதைத் தாமதப்படுத்துகிறது. எனக்கு மிகவும் வியப்பளித்தது இன்னொன்று. ஆய்வகங்களில் ஆம்பா ஏற்பியை அடைக்கப் பயன்படும் சிஎன்கியூஎக்ஸ் என்ற பொருள், இந்தப் புரதம் ஒட்டியிருக்கும் ஏற்பியைக் கொஞ்சம் திறந்தே விடுகிறது. ஏற்பி அதேதான், பக்கத்துத் துணை மாறியதும் மருந்தின் குணமே மாறிவிடுகிறது.

உங்கள் கேள்விக்கான வழி இங்கேதான் இருக்கிறது. இந்தப் புரதக் குடும்பத்தில் காமா-8 என்பது நினைவுக்குப் பொறுப்பான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் ஏராளம், சிறுமூளையில் மிகக் குறைவு. வலிப்பு பலருக்கு ஹிப்போகாம்பஸ் பக்கத்தில்தான் கிளம்புகிறது. காமா-8 ஒட்டிய ஏற்பியை மட்டும் அடக்கும் பொருள்களை உருவாக்கியிருக்கிறார்கள். எலிகளில் அவை தள்ளாட்டம் இல்லாமலே வலிப்பைக் குறைத்தன. மனிதர்களிடமும் சோதனை நடக்கிறது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு, அம்மா.

சரி, இப்போதைக்கு? மாத்திரையைப் படுக்கப்போகும் நேரத்தில் கொடுங்கள். நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது, வலிப்பு திரும்பிவிடலாம். தலைசுற்றல் எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு நோட்டில் குறித்து நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள், அளவை மாற்ற அது உதவும். மகனுக்கு வழக்கமில்லாத கோபமோ எரிச்சலோ வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.