ஜனவரியில் ஓர் ‘ஆகஸ்ட்’ அவை

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியின் ஆண்டு விழா கடந்த ஜனவரியில் நடந்தது. சிறப்பு விருந்தினர் கூட்டத்தைப் பார்த்து, ‘திஸ் ஆகஸ்ட் கேதரிங்’ என்று ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்கினார். மாதத்தின் பெயர் அங்கே எப்படி வந்தது? ‘கிராண்ட்’ என்பதும் இதுவும் ஒன்றுதானா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அவர் சொன்னது மாதத்தின் பெயரை அன்று, ‘மாண்பு மிக்க’, ‘வணக்கத்துக்குரிய’ என்று பொருள்படும் பெயரடையை. எழுத்துகள் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் மாதப் பெயரை முதல் அசையை அழுத்தியும், பெயரடையை இரண்டாம் அசையை அழுத்தியும் உச்சரிக்க வேண்டும். எழுதும்போது மாதத்துக்கு மட்டுமே பெரிய எழுத்து.

இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பதால் உங்கள் ஐயம் இயல்பானதே. கி.மு. 27 ஜனவரியில் ரோமானிய செனட் சபை, ரோமின் முதல் பேரரசரான ஆக்டேவியனுக்குப் பட்டம் சூட்ட முனைந்தபோது, நகரை நிறுவியவரான ரோமுலஸின் பெயரையே அவருக்குச் சூட்டலாம் என்று சிலர் கூற, முனாட்டியஸ் பிளாங்கஸ் என்ற உறுப்பினர் முன்மொழிந்த ‘அகஸ்டஸ்’ என்ற பெயரே ஏற்கப்பட்டது. சமயச் சடங்கால் புனிதமாக்கப்பட்ட இடங்களைக் குறிக்க அதுவரை வழங்கிய அந்த லத்தீன் சொல், அன்று முதல் ஒரு மனிதரின் பெயராயிற்று. கி.மு. 8இல், ‘ஆறாவது’ என்ற பொருளுடைய செக்ஸ்டிலிஸ் மாதத்துக்கும் அவர் பெயரே இடப்பட்டது. ஆங்கிலத்தில் பெயரடை 17ஆம் நூற்றாண்டில்தான் புகுந்தது.

‘கிராண்ட்’ என்பதை மாளிகைக்கும் சொல்லலாம், திருமண விருந்துக்கும் சொல்லலாம். கண்ணுக்குத் தெரியும் பெருமையே அதற்குப் போதும். ‘ஆகஸ்ட்’ அப்படிப்பட்டதன்று. காலத்தாலும் தகுதியாலும் சேர்ந்த மதிப்பு, எதிரே நிற்பவரைத் தானாகவே அடக்கத்தோடு நிற்க வைக்குமானால், அங்கேதான் அது பொருந்தும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் ‘திஸ் ஆகஸ்ட் ஹவுஸ்’ என்று தம் அவையைக் குறிப்பிடுவது அதனால்தான். நேற்றுத் திறந்த அரங்கம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு இச்சொல்லைத் தருவதை நான் ஏற்க மாட்டேன். அன்றாட உரையாடலில் ஒருவரைப் பார்த்து இப்படிச் சொன்னால், கேலியாகவும் தொனிக்கக்கூடும், கவனம் தேவை.

தமிழில் ‘மாண்பமை அவை’ என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு ‘ஆன்றோர் அவை’ என்பதே பிடித்திருக்கிறது. ‘ஆன்ற’ என்றால் நிறைந்த என்று பொருள். லத்தீன் சொல்லையும் ‘பெருகுதல்’ என்ற வினையோடு தொடர்புபடுத்துவார்கள். உங்கள் பள்ளி விழாவில், மூத்த ஆசிரியர்களும் பெற்றோர்களும் அமர்ந்திருந்த அவையை அவ்வாறு விளித்தது பொருத்தமே.