'சாவ்' என்றொரு வசவு

ஐயா,

பிரிட்டிஷ் சிறுகதை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பெண் பக்கத்து வீட்டுப் பையனை 'சாவ்' (chav) என்கிறாள். 'கவுன்சில் ஹவுஸ் அண்ட் வயலென்ட்' (Council House And Violent: உள்ளாட்சி மன்றத்தின் வாடகை வீட்டில் இருக்கும் முரடன்) என்பதன் முதலெழுத்துகள்தான் அது என்கிறார் லண்டன் நண்பர். அப்படியா? தமிழில் 'பொறுக்கி' என்று போடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பர் சொல்வது பிறகு கட்டிவிட்ட கதை. வசவுக்கு முதலெழுத்து விளக்கம் வந்தாலே எனக்குச் சந்தேகம் தட்டும். செல்ட்னம் என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு.

அகராதிக்காரர்கள் கைகாட்டுவது ரோமானியை. ஜிப்சிகள் என்று மற்றவர்கள் அழைக்கிற ரோமா மக்களின் மொழி. அதில் 'சாவோ' என்றால் பையன், மகன். அவர்களுடைய முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து போனவர்கள். இன்றும் அவர்களுக்குத் தண்ணீர் 'பானி', மூக்கு 'நாக்'. மராத்தியர்கள் பெருமையாகச் சிங்கக்குட்டியைச் சொல்லும் 'சாவா'வுக்கும் இதே வேர்தான். ஸ்பெயினுக்குப் போன 'சாவோ' இன்றும் அங்கே வெறும் பையனாகத்தான் இருக்கிறான். இங்கிலாந்தில் அவன் வசவாகிவிட்டான்.

2004இல் ஆக்ஸ்போர்ட் அகராதியினர் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு அது பரவியிருந்தது. தொப்பி, டிராக் சூட், பளபளக்கும் நகை, பர்பெர்ரி என்ற விலையுயர்ந்த ஆடை நிறுவனத்தின் கட்டம் போட்ட துணி: இதுதான் 'சாவ்' கோலம். பணக்காரர் கட்டம் ஏழைப் பையன் தலையில் ஏறியது பலருக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கட்டம் போட்டு வந்தவர்களைச் சில பப்களில் உள்ளேயே விடவில்லை. அந்த நிறுவனமும் 2004இல் கட்டம் போட்ட தொப்பியை நிறுத்திக்கொண்டது.

நண்பரின் கதை சொல்லின் வரலாறு இல்லைதான், ஆனால் சொல்பவர்களின் மனசு அதில் இருக்கிறது. 1970களின் கடைசியில் பிரிட்டனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குடும்பம் கவுன்சில் வீட்டில்தான் வாடகைக்கு இருந்தது. பெரும்பாலோருக்கு அது கேவலமாகப் படவில்லை. 1980இல் பிரதமர் தாட்சரின் அரசு அந்த வீடுகளைக் குடியிருப்பவர்களே வாங்கிக்கொள்ளச் சட்டம் போட்டது. முடிந்தவர்கள் வாங்கினார்கள். முடியாதவர்கள் மிஞ்சினார்கள். பிறகு முகவரியே வசவுக்குப் போதுமானதாகிவிட்டது.

ஆகவே 'பொறுக்கி' வேண்டாம். அது ஒருவன் செய்கிற காரியத்தைச் சொல்வது. 'சாவ்' அவன் எங்கே பிறந்தான், என்ன உடுத்துகிறான் என்பதைச் சொல்வது. உங்கள் கதையில் அந்தப் பையன் ஏதாவது செய்தானா, சும்மா படியில் உட்கார்ந்திருந்தானா? சும்மா இருந்தான் என்றால் 'சாவ்' என்றே விட்டுவிடுங்கள், அவள் குரலில் வாசகருக்கு விளங்கும். அச்சில் 'சாவு' ஆகிவிடாமல் மட்டும் பிழை திருத்துபவரிடம் சொல்லிவையுங்கள்.