ஏற்காட்டு கஃபேயில் பக்கத்து மேசைப் புகை: சட்டம் யார் பக்கம்?

ஏற்காட்டு கஃபேயில் நீங்கள் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து மேசைக்காரர் சிகரெட் பற்றவைத்தாராம். காசு கொடுத்தவர், அவருக்கும் உரிமை இல்லையா என்கிறீர்கள்.

அந்த மேசையில் இல்லை. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி உணவகம் பொது இடம்; அங்கே புகைக்கக் கூடாது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகம் புகைப்பவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கலாம். ஆனால் 2008 விதிகள் கறாரானவை: நாலு பக்கமும் சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு, புகையை வெளியே தள்ளும் காற்றோட்டம். மூலையில் நாலு நாற்காலி போட்டால் அது அறையாகாது. ஏற்காட்டுக் குளிருக்கு ஜன்னலை வேறு சாத்திவிடுவார்கள்!

அவரோடு மல்லுக்கட்டாமல் முதலாளியிடம் சொல்லுங்கள். மேசையில் ஆஷ்ட்ரே வைத்திருந்தால் அதுவே முதலாளியின் தப்பு. சேலத்து டீக்கடை வாசலில் டீயும் சிகரெட்டுமாக நிற்பவர்கள் மேல்தான் எனக்குக் கொஞ்சம் இரக்கம். அவர்களுக்கு ஏது தனி அறை?