மரத்தரை வீட்டுக்குக் குடிபோகும் முன்

"மரத்தரை போட்ட அபார்ட்மென்ட் அமைந்திருக்கிறது. சிமென்ட் தரையிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். எப்படித் துடைப்பது, கீறல் விழுந்தால் டெபாசிட்டைப் பிடித்துக்கொள்வார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டெபாசிட்டைக் காப்பாற்றும் வேலை, சாமான் உள்ளே வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். நின்றபடி மேலிருந்து படம் எடுத்தால் கீறல் படத்தில் தெரியாது. ஃபோன் டார்ச்சைத் தரையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். மயிரிழைக் கோடுகூட நிழலோடு எழும்பும். சிங்க் அடி, பால்கனி வாசல், அறை ஹீட்டர் பக்கம் மூன்றையும் விடாதீர்கள், பழைய தண்ணீர்க் கறை அங்கேதான் ஒளிந்திருக்கும். படங்களை அன்றைக்கே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் தேதிக்குச் சாட்சி தேடவேண்டாம். நடந்து நடந்து மங்கிய பாலிஷ் பொதுவாகச் சாதாரணத் தேய்மானம்தான். கட்டிலை இழுத்த கோடும் கறுத்த கறையும் சேதக் கணக்கில் போகும்.

விளம்பரத்தில் 'மரம்' என்று போட்டதெல்லாம் மரமில்லை. ஒரே மரக்கணு நாலைந்து பலகை தள்ளி அச்சு அசலாக மறுபடி வந்தால் அது பெரும்பாலும் லாமினேட்; மேலே இருப்பது வெறும் படம். அதை இழைக்க முடியாது, கெட்டுப்போன பலகையை மாற்றத்தான் வேண்டும். முழு மரப்பலகை பெரும்பாலும் 19 மி.மீ. கனம், பலமுறை இழைத்துப் பாலிஷ் போடலாம். எஞ்சினியர்டு மரத்தில் ப்ளைவுட் போன்ற அடிப்பலகை மேல் ஒட்டிய மெல்லிய தோல் மட்டும்தான் முழு மரம். எது என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கீறலின் விலை அதைப் பொறுத்தது.

அடுத்து தண்ணீர். வாளித் தண்ணீரில் முக்கித் துடைக்கும் மாப் இந்த வீட்டில் வேண்டாம். தினமும் உலர்ந்த மைக்ரோஃபைபர் மாப் போதும். ஈரம் தேவைப்பட்டால் மரத்தரைக்கென்று விற்கும் திரவத்தை மாப் துணியில் தெளித்துத் துடையுங்கள். பின்னாலேயே ஓரிரு நிமிடத்தில் தரை காய வேண்டும். ஸ்டீம் மாப் கூடவே கூடாது. வினிகர் பாலிஷை மங்கடிக்கும்.

பலகை இடுக்கில் இறங்கிய தண்ணீர் அடிப்பக்கத்தை ஊதவைக்கும், மேல்பக்கம் காய்ந்தே இருக்கும். அதனால் இரண்டு ஓரமும் தூக்கி ஒவ்வொரு பலகையும் ஆழமில்லாத வாய்க்கால் மாதிரி குழியும். கசிவை நிறுத்தி நன்றாகக் காயவிட்டால் பல சமயம் தானே தணியும். அவசரப்பட்டு ஓரத்தை இழைத்துவிட்டால், காய்ந்தபின் நடுப்பகுதி மேடாக நிற்கும். ஆகவே நீங்களாக எதுவும் செய்யாமல் உடனே வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லுங்கள். ஓக் மரத்தில் இன்னொரு தொல்லை: ஈரத்தோடு இரும்பு ஸ்டாண்டை வைத்தால் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து மைக்கறுப்பாகக் கறை பிடிக்கும். துடைத்தால் போகாது.

பாலிஷ் தாங்குகிறதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் நல்லது. சில நிமிடத்தில் உறிஞ்சிக் கறுத்தால் அந்த இடத்தில் ஈரத்துணியே படக்கூடாது.

கீறலுக்குக் காரணம் பெரும்பாலும் மணல்தான். வாசலுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று மிதியடி போடுங்கள். நாற்காலிக் கால்களில் ஒட்டும் ஃபெல்ட் என்ற கெட்டித் துணிப் பொட்டிலும் மணல் பதியும். பதிந்தபின் அது உப்புத்தாள்தான், அவ்வப்போது மாற்றுங்கள். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியின் கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரத்தை மென்மையான ரப்பர் வகைக்கு மாற்றலாம். ஆனால் ரப்பர் அடி வைத்த மிதியடியையோ பிவிசி பாயையோ மாதக்கணக்கில் ஒரே இடத்தில் போட்டால் நிறம் மாறிவிடும்.

தரையில் இத்தனை பங்கு கம்பளம் விரிக்க வேண்டும் என்று சில வாடகை ஒப்பந்தங்களில் இருக்கும். அது கீழ்வீட்டுக்காரரின் காதுக்காக. கம்பளத்தைவிட அதன் அடியில் போடும் தடித்த ஃபெல்ட் விரிப்புதான் காலடிச் சத்தத்தை அதிகம் குறைக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை கம்பளத்தை நகர்த்துங்கள், இல்லாவிட்டால் வெயில் படாத இடம் தனிச் சதுரமாகத் தெரியும்.

குளிர்காலத்தில் ஹீட்டர் ஓட ஓடப் பலகைகளுக்கிடையே இடைவெளி விடும். பதறிப்போய் எதையும் வைத்து அடைக்காதீர்கள், ஈரப்பதம் கூடும் மாதங்களில் தானே மூடிக்கொள்ளும்.