தோலுக்கு லைனிங் ஒட்டுதல்: சூட்டுப் பசை குறித்த கேள்வி-பதில்

கேள்வி (அம்மாபேட்டை): ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோலில் கைப்பை தைக்கிறேன். இருபுறமும் ஒட்டும் பசைத்தாளை நடுவில் வைத்து, பருத்தித் துணியை மேலே பரப்பி, நீராவி இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன். துணி நன்றாக ஒட்டியது. ஆனால் தோலின் ஓரங்கள் சுருண்டு ஓடுபோல் விறைத்துவிட்டன. சரிசெய்ய வழி உண்டா?

பதில்: இல்லை. தோலின் நாரான கொலாஜன் ஒருமுறை வெந்து சுருங்கிவிட்டால், எண்ணெய் தடவினாலும் நீரில் ஊறவைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டு, அடுத்ததைக் காப்பாற்றுவதே செய்யக்கூடியது.

பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது ஏறக்குறைய 70 முதல் 85 பாகை செல்சியஸ் சூட்டிலேயே சுருங்கத் தொடங்கும். குரோம் உப்பால் பதனிட்ட குரோம் தோல் 100 பாகை வரையிலும் அதற்கு மேலும் தாங்கும். இவை நனைந்த தோலுக்கான அளவுகள் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். நன்கு உலர்ந்த தோல் இதைவிடக் கணிசமான சூட்டைச் சிறிது நேரம் பொறுத்துக்கொள்ளும். ஆகவே தங்கள் தோலைக் கெடுத்தது சூடு மட்டுமன்று, சூட்டோடு சேர்ந்து உள்ளே இறங்கிய நீராவியும்தான். நானும் தொழில் கற்ற காலத்தில், துணியின் மடிப்பு நீங்க வேண்டும் என்று தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டு, ஒரே மாலையில் எட்டுப் பணப்பைகளுக்கான தோலை வீணாக்கியிருக்கிறேன். பெட்டிக்கு அடியில் தோல் மெல்ல உள்வாங்கிச் சுருங்கியதை விரல் உணர்ந்தபோது காலம் கடந்திருந்தது.

வழக்கமான இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி சுமார் 110 பாகையையும், இரண்டு புள்ளி 150 பாகையையும், மூன்று புள்ளி 200 பாகையையும் குறிக்கும். பட்டைத் தோலுக்கு ஒரு புள்ளியில் உருகும் பசைத்தாளையே தேர்ந்தெடுங்கள். நீராவியை முற்றாக நிறுத்துங்கள். துணியின் மடிப்பைத் தனியாக முன்பே நீக்கிவிடுங்கள். பெட்டியை எப்போதும் துணிப்பக்கமே வைத்து, தேய்க்காமல், ஓரிடத்தில் 8 முதல் 10 விநாடி அழுத்தி எடுத்து அடுத்த இடத்திற்கு நகர்த்துங்கள். அழுத்தி முடித்த உடனே கருங்கல் பலகை போன்ற குளிர்ந்த, கனமான ஒன்றை மேலே ஏற்றிப் பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். பசை உருகும்போது பிடிப்பதில்லை, ஆறி உறையும்போதுதான் பிடிக்கிறது. அது உறைவதற்குள் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (குகை): சட்டைக் காலருக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாசைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. அதில் ஒரு பக்கம் மட்டுமே பசை உள்ளது. தோலை விறைப்பாக்கும், லைனிங்கைப் பிடிக்காது. இருபுறமும் ஒட்டும் வலைத்தாளைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (ஏற்காடு): மழைக்காலத்தில் ஒட்டிய லைனிங் மட்டும் சில வாரங்களில் குமிழ் விட்டு உரிந்து வருகிறது. அதே பசை, அதே சூடு, அதே தோல். காரணம் என்ன?

பதில்: தோல் அதே தோலாக இருக்கலாம், அதில் உள்ள ஈரம் அதே அளவில் இல்லை. தோல் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும் பொருள். 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டம் சன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து போகும் சேர்வராயன் மலையில், அலமாரியில் வைத்த தோலும் கனத்துவிடும். பெட்டியை வைத்ததும் அந்த ஈரம் ஆவியாகி, உருகிய பசைக்கும் தோலுக்கும் இடையே சிக்கிக்கொள்கிறது. பசை நாரைப் பற்றுவதற்குப் பதிலாக ஆவிப் படலத்தின் மேல் உறைகிறது. அன்றைக்கு ஒட்டியதுபோலத் தெரிந்து, பின்னர் கைவிடுகிறது.

வெட்டிய துண்டுகளை ஒட்டுவதற்கு முந்தைய இரவு, மூடிய அலமாரியில் உலர்த்திய சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிடுங்கள். அடுப்புக்கு அருகிலோ காப்பிக் கொட்டை உலர்த்தும் இடத்திலோ வைக்க வேண்டாம். ஓரங்கள் மட்டும் காய்ந்து தோல் கோணிவிடும். ஈரம் நீங்கியதா என்பதை அறிய, சிறு தராசில் துண்டை மாலையிலும் காலையிலும் நிறுத்துப் பார்த்தால் போதும். எடை குறைந்திருந்தால் ஈரம் போயிருக்கிறது. தோலின் உட்பக்கம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தாலும் இதே உரிதல் நேரும். அப்போது உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, நாரை எழுப்பி, தூளைத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும்.

கேள்வி (ஓமலூர்): ஸ்வேட் (மயிர் எழுப்பிய மென்தோல்) லைனிங் ஒட்டினால் அதன் மென்மயிர் படிந்து, பெட்டியின் வடிவம் அப்படியே பதிந்துவிடுகிறது.

பதில்: ஸ்வேட்டின் முகத்தில் பெட்டியை வைக்காமலே ஒட்டலாம். பசைத்தாளை முதலில் தோலின் உட்பக்கம் பரப்பி, மேலே சிலிக்கோன் பூசிய பட்டர் பேப்பரை வைத்து உருக்குங்கள். மெழுகுத்தாள் உதவாது, மெழுகு உருகித் தோலில் இறங்கிவிடும். பேப்பர் ஆறியதும் உரித்தால் தோலின் மீது பளபளப்பான பசைப் படலம் நிற்கும். பிறகு சூட்டுக்காற்றுக் கருவியால் அந்தப் படலத்தை இளக்கி, விரல் நுனியால் தொட்டால் நூல் இழுக்கும் பதத்தில், ஸ்வேட்டைப் போட்டு ஆறிய எடையால் அழுத்துங்கள். செருப்புத் தொழிலில், பசை பூசி உலர்த்திய அடித்தோலை மீண்டும் சூடேற்றி மேற்பகுதியோடு அழுத்துவதும் இதே முறைதான். எடைக்கும் ஸ்வேட்டுக்கும் நடுவே ஒரு டர்க்கி டவலை விரியுங்கள். முழுவதும் ஆறிய பின் மென்தூரிகையால் ஒரே திசையில் தடவினால் மயிர் எழுந்துவிடும்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): எங்கள் பட்டறையின் வெள்ளிக் கொலுசுகளை வைக்கத் தோல் பெட்டி செய்து, உள்ளே ஸ்வேட் ஒட்டத் திட்டமிட்டுள்ளோம். எந்தப் பசை ஏற்றது?

பதில்: பசைக்கு முன் ஸ்வேட்டைப் பற்றியே யோசிக்க வேண்டும். வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால். தோலில் மயிர் நீக்கப் பயன்படுத்தும் சோடியம் சல்பைடின் எச்சம் சரியாகக் கழுவப்படாமல் தங்கியிருக்கலாம். கம்பளியும், கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரும் அதே கெடுதலைச் செய்யும். மூடிய பெட்டிக்குள் காற்று மாறாததால் பாதிப்பு கூடும். சூட்டுப் பசைப் படலத்தில் ரப்பர் இல்லை என்பதால் ரப்பர் சொல்யூஷனைவிட அது நல்ல தேர்வு. கரைப்பான் நாற்றமும் மிஞ்சாது.

ஆயிரம் பெட்டி செய்வதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மூடியுள்ள இரண்டு கண்ணாடிச் சீசாக்களை எடுத்து, இரண்டிலும் நன்றாக மெருகிட்ட வெள்ளித் துண்டு ஒன்றையும் சிறிது ஈரப் பஞ்சையும் ஒன்றோடொன்று தொடாமல் வையுங்கள். ஒன்றில் மட்டும் பசையோடு ஒட்டிய ஸ்வேட்டைச் சேர்த்து, இரண்டையும் வெதுவெதுப்பான இடத்தில் ஒரு மாதம் மூடி வையுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் வகுத்த சோதனையின் எளிய வடிவம் இது. அங்கே 60 பாகையில் 28 நாள் வைப்பார்கள். ஸ்வேட் உள்ள சீசாவின் வெள்ளி மட்டும் மங்கினால், அந்த ஸ்வேட்டை விட்டுவிட்டுச் சாயமேற்றாத, வெளுத்த பருத்தித் துணிக்கு மாறுங்கள். தங்கள் பொருளின் ஒளியே தங்கள் தொழில் என்பதால் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

கேள்வி (அழகாபுரம்): சேலம் வெண்பட்டில் மிஞ்சிய துண்டை மூக்குக்கண்ணாடி உறைக்குள் ஒட்டினால் பசை புள்ளி புள்ளியாக மேலே தெரிகிறது.

பதில்: சூடோ நேரமோ மிகுந்துவிட்டது; பசை நீராக இளகி மெல்லிய பட்டின் வழியே ஏறியிருக்கிறது. பட்டுத் துணியை முழுப் பரப்பிலும் ஒட்டுவதை நான் விரும்புவதில்லை. ஓரத்தில் 1 செ.மீ. அகலப் பட்டையாக மட்டும் பசைத்தாள் வைத்து ஒட்டி, அதன் மேலேயே தையல் ஓட்டுங்கள். நடுப்பகுதி தளர்வாக இருந்தால் பட்டின் துவளும் தன்மையும் கெடாது.

கேள்வி (மேட்டூர்): மடிக்கும் பணப்பையின் உள்ளே லைனிங் எப்போதும் சுருக்கம் விழுகிறது.

பதில்: தட்டையாக ஒட்டி, பின் மடித்தால் அப்படித்தான் ஆகும். பாதிக்குப் பாதி மடிக்கும்போது உள் அடுக்குக்குத் தேவையான நீளம் குறைவு. குறையும் அளவு, இரு அடுக்குகளின் நடுக்கோட்டு இடைவெளியை 3.14-ஆல் பெருக்கியது, 1.5 மி.மீ. இடைவெளிக்கு ஏறத்தாழ 4.7 மி.மீ. ஆகவே ஒரு பாதியை ஒட்டியபின், பையை உட்புறம் குழிவாக வளைத்து வைத்துக்கொண்டு மறுபாதியை ஒட்டுங்கள்.

கேள்வி (ஆத்தூர்): நன்றாக ஒட்டிய பை, சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் கிடந்தபின் விட்டுப்போனது. பசை போலியா?

பதில்: போலி என்று சொல்ல முடியாது. கோடையில் மூடிய காருக்குள் சூடு 60 பாகையைத் தாண்டும்; டாஷ்போர்டு அதற்கும் மேல் போகும். குறைந்த சூட்டில் உருகும் ஈ.வி.ஏ. (எத்திலீன் வினைல் அசிடேட்) பசைகள் அந்த அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். காரில் கிடக்கக்கூடிய பைகளைக் குரோம் தோலில் செய்து, 100 பாகைக்கு மேல் உருகும் பாலியமைடு (நைலான் வகை) பசைத்தாளால் ஒட்டுங்கள். எந்தப் பசையானாலும் சுற்றிலும் ஒரு வரிசைத் தையல் இருக்கட்டும். இப்போது விட்டுப்போன பையை வீச வேண்டாம். லைனிங் துணியின் மேல் பட்டர் பேப்பரை வைத்து ஒரு புள்ளிச் சூட்டில் அழுத்தி, எடை ஏற்றி ஆறவிட்டால் அதே பசை மீண்டும் பிடித்துக்கொள்ளும்.