பரணில் கிடந்த தாத்தாவின் ரெக்கார்ட் பிளேயரைச் சரிசெய்வது வீண் செலவா?

வீண் இல்லை. ஆனால் ஆசையில் முதலில் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். உங்கள் தாத்தாவின் பெட்டியும் ஏதோ ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது மேலே போய், அப்புறம் இறங்காமலே இருந்திருக்கும். எங்களுடையதும் அப்படித்தான்.

அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில், விசேஷங்களுக்கு ஒலிபெருக்கியில் பாட்டுப் போடும் ரேடியோ செட் வைத்திருந்தார். ஆடிப் பண்டிகை வந்தால் அந்தப் பெட்டி வீட்டுக்கே வராது. கேசட் வந்த பிறகு ஏற்காட்டில் அத்தை வீட்டுப் பரணுக்குப் போய் 28 வருடம் கிடந்தது. உள்ளே இருப்பது இங்கிலாந்தின் ஸ்விண்டனில் செய்த கெரார்டு கம்பெனி பிளேயர். பெல்ட் கிடையாது, மோட்டார் தண்டுக்கும் தட்டு சுற்றும் மேடைக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் சக்கரம்தான் ஓட்டும்.

சேலத்தில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், மோட்டார் போச்சு, எடைக்குப் போடுங்க, நானே எடுத்துக்கிறேன் என்றார். அப்பாவுக்குச் சோறு போட்ட பெட்டியை எடைக்குக் கேட்டது இன்னும் ஆறவில்லை. மோட்டார் போகவே இல்லை. பழைய கிரீஸ் மெழுகாக இறுகித் தண்டைப் பிடித்திருந்தது. தீக்குச்சியைத் தட்டையாகச் சீவிச் சுரண்டினேன், பழுப்பாகச் சுருள் சுருளாக வந்தது. மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டதும் விரலால் சுண்டினாலே சுற்றியது. இறுகிய மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் சுற்ற முடியாமல் சூடேறி உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும், அதனால்தான் பிளக்கைப் பற்றி முதலிலேயே சொன்னேன்.

ஓடியதும் டொக் டொக் என்று ஒரு சத்தம். வேகம் மாற்றும் லீவரை 33-லேயே விட்டு மூடியிருக்கிறார்கள், அத்தனை வருடமும் ஸ்பிரிங் அழுத்தி ரப்பர் சக்கரத்தில் பள்ளம் விழுந்திருந்தது. சன்னமான உப்புத்தாளில் சீராகத் தேய்த்ததில் சரியானது. உங்களுடையதில் பள்ளம் ஆழம் என்றால் புதுச் சக்கரம்தான்.

பாட்டு மட்டும் வரவில்லை. ஊசியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்தான் கார்ட்ரிட்ஜ். பழைய கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது ரோஷெல் உப்பு என்ற படிகம், ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும். ஏற்காட்டு மழையும் பனியும் அதை விட்டுவைக்குமா? செராமிக் வகை வாங்கிப் போட்டேன், அதற்கு, சன்னமான ஒலியை முதலில் பெருக்கிக் கொடுக்கும் ஃபோனோ பிரீஆம்ப் தனியாக வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுக்கு ஊசி வேறு, 33-ல் ஓடும் எல்பி தட்டின் ஊசியைவிடத் தடிமன். மாற்றிப் போட்டுத் தட்டைக் கெடுத்துவிடாதீர்கள்.

செல்போனிலேயே எல்லாப் பாட்டும் இருக்கிறதே என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: நானும் செல்போனில் கேட்கிறவன்தான், எதையும் குறை சொல்லவில்லை. நான் மெக்கானிக்கும் இல்லை, என் பெட்டியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மலை மேல் ஒரு விடுதியில் சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்க நல்ல இசைத்தட்டுகளை ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள், பாட்டு பதிந்த வரிகளின் மேலேயே துளை. கேட்டால் அலங்காரமாம். ஓட்டைக் கேசட்டை மாட்டுங்கள், உடைந்த தட்டை மாட்டுங்கள், பாடுகிற தட்டை ஏன் குத்த வேண்டும்? அன்றைக்குச் சரியாகச் சாப்பிடக்கூட முடியவில்லை.

சரி, வேகம் பார்க்க ஒரு வழி. 33 என்பது நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்று, அப்படியென்றால் மூன்று நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று. மேடை ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிட்டு அம்மா எண்ணினார், நான் செல்போனில் நேரம் பார்த்தேன். அவர் நூறு என்றபோது இரண்டு நிமிடம் 58 வினாடி. கொஞ்சம் வேகம்தான். அப்பா காலத்திலும் அப்படித்தான் ஓடும் என்றார் அம்மா, அதனால் அதில் கை வைக்கவில்லை.