பாட்டின் நடுவே 'டிக்' சத்தம்

கேள்வி: கணினியில் யூஎஸ்பி டாக் (DAC, டிஜிட்டல் தரவை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) வழியாகப் பாட்டுக் கேட்டால் நடுநடுவே 'டிக்', 'பட்' என்கிறது. டாக் பழுதா?

பதில்: அதற்குள் டாக்கைக் குறை சொல்லாதீர்கள். நான் முதலில் சந்தேகப்படுவது பஃபரைத்தான், அதாவது ஒலிக்கும் முன் பாட்டுத் தரவைக் கொஞ்சம் சேர்த்து வைக்கும் இடத்தை. 44.1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 44,100 சாம்பிள், அதாவது ஒலி அளவீடுகள்) பாட்டுக்கு 256 சாம்பிள் பஃபர் என்றால், கைவசம் இருப்பது 6 மில்லிசெகண்டுக்கும் குறைவு. அந்த நேரத்தில் வைஃபை டிரைவர் மாதிரி ஏதாவது பிராசஸரைப் பிடித்துக்கொண்டால் தரவு வராது. அந்த இடைவெளிதான் 'டிக்'. யூஎஸ்பி ஆடியோவில் தவறிய தரவு மறுபடி அனுப்பப்படுவதும் இல்லை. வெறுமனே கேட்பதற்குத்தானே, பஃபரை 2048 ஆக்குங்கள். தாமதம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் யூஎஸ்பி ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) வழியாகச் செருகியிருந்தால் அதை விட்டுவிட்டு டாக்கை நேரே கணினியில் செருகி, வைஃபையை அணைத்தும் கேட்டுப் பாருங்கள். பாட்டு மாறும்போது மட்டும் 'பட்' என்றால் அது வேறு சங்கதி: 44.1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 48-க்கு டாக் மாறும்போது வரும் சத்தமாக இருக்கலாம். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.